கிழங்குக்குக் கண் எழுதிய அண்ணன் தம்பிகள்

நாட்ராயனுக்குத் தன் தம்பிகள் இரண்டு பேரும் வடிகட்டின முட்டாள்கள் என்பதில் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. தம்பிகள் மாரப்பனுக்கும் குழந்தைசாமிக்கும் அண்ணனைப் பற்றி அதே அபிப்பிராயம்தான். மூன்று பேரும் சேர்ந்து வாழ்க்கையில் சரியாகக் கண்டுபிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் இவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு நஷ்டமில்லாமல் தப்பித்தவர்கள் யாரும் கிடையாது. அரிசி ஆலைக்காரர் ஒருவர், "வாசலைப் பாத்துக்கப்பா" என்று மாரப்பனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மாரப்பன் கண் இமைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டைகளெல்லாம் பின்பக்கமாகப் போயின. கடைசியில் கோத்தகிரியில் இருந்த ராமாத்தாள் அத்தைதான், என்ன இருந்தாலும் அண்ணன் பிள்ளைகளாயிற்றே என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்துச் சோறும் போட்டாள்.

அத்தை வீட்டு முன்னால் ஒரு டேலியாச் செடி இருந்தது. காலமாகிப்போன மாமா தன் கையால் நட்டது. தட்டு அகலத்துக்கு, கருஞ்சிவப்பில் பூக்கும். ரோட்டில் போகிற பஸ்கூட அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்று அத்தை பெருமை பேசுவாள். ஆனால் வருஷக்கணக்காகத் தோண்டிப் பிரிக்காமல் விட்டதில், மண்ணுக்கடியில் கிழங்குகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பூ சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்துவிட்டது. இந்த வருஷம் பிரித்தே தீர வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரில் மகளுக்குப் பிரசவம் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல், பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அத்தை சொன்னாள்:

"இதபாருங்கடா. செடிய ஒரு சாண் விட்டு வெட்டுங்க. கெழங்க நோகாமத் தோண்டியெடுத்து, கழுவி, நெழல்ல காய வையுங்க. அப்பறம் கழுத்தோட சேத்துத் துண்டு போடுங்க. ஒவ்வொரு துண்டுலயும் ஒரு கண்ணாவது இருக்கோணும். கழுத்துகிட்டத்தான் கண்ணு இருக்கும், பாத்து வெட்டுங்க. கண்ணு மேல பாத்தாப்ல நடுங்க. மொளைக்கற வரைக்கும் தண்ணி காட்டாதீங்க. அது உங்க மாமா வெச்ச செடி. அது போச்சுன்னா நீங்களும் போனீங்க. மூணு பேருக்கும் கோபிக்கு பஸ்ஸுதான்."

பஸ் கிளம்பிப் போனது.

"கோபில என்னங்கண்ணா விசேஷம்?" என்று குழந்தைசாமி ஆசையாகக் கேட்டான்.

நாட்ராயன் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தான். கோபியில் அவர்களை எதிர்பார்த்துக் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் தடி இருந்தது. இந்த இரண்டு மண்டூகங்களையும் வைத்துக்கொண்டு ஒரு செடியைக் காப்பாற்றும் பாரம் தன் தலையில் விழுந்ததே என்று பெருமூச்சு விட்டான்.

மாரப்பன் அரிவாளோடு வந்தான். செடியின் தண்டில் கட்டைவிரலை வைத்துக் கையை விரித்து, பக்கவாட்டில் ஒரு சாண் அளந்தான். சுண்டுவிரல் போய்ச் சேர்ந்த இடத்தில் அத்தையின் ரோஜாச்செடி நின்றது. ஒரே வெட்டு.

"ரோஜாவ ஏன்டா வெட்டுன?"

"ஒரு சாண் விட்டு வெட்டச் சொன்னாங்க. விட்டேன், வெட்டுனேன். ரோஜா அங்க வந்து நின்னதுக்கு நானாங்கண்ணா பொறுப்பு?"

நாட்ராயன் யோசித்தான். தம்பி சொன்னதில் குறையில்லை. ஆனாலும் தம்பி சொன்னதை அப்படியே ஒத்துக்கொண்டால் அண்ணன் என்று ஒருவன் எதற்கு?

"மடையா, சொன்னது அத்தை. அப்ப அத்தை கைச் சாண்தானே கணக்கு? அவங்க கை சின்னக் கையி."

சின்னச் சாணாக மறுபடி, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக அளந்தார்கள். அந்தப் பக்கம் செவ்வந்தி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் வெட்டினார்கள்.

டேலியாவை வெட்டும்படி யாரும் சொல்லாததால், அதை மட்டும் மரியாதையாகத் தண்டோடு சேர்த்துத் தோண்டினார்கள். கடப்பாரை உள்ளே போகும்போதெல்லாம் குழந்தைசாமி குனிந்து, "நோகுதா?" என்று கேட்டான். கிழங்கு வாயைத் திறக்கவில்லை. பொறுத்துக்கொண்டிருக்கிறது போலும் என்று மனசு கேட்காமல், தோண்டி எடுத்ததும் அதற்கு நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டான்.

நிழலில் காய வைக்கிற வேலை இன்னும் பெரிய ரோதனையாகப் போயிற்று. நிழல் ஒரு இடத்தில் நிற்கிற ஜாதியில்லை. அது நகர நகரக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாரப்பன், ஆள் நிழலும் நிழல்தானே என்று தானே வெயிலில் போய் நின்று, தன் நிழலில் கிழங்கை வைக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் கோத்தகிரிக்கே உரிய பனிமூட்டம் வந்து வீட்டையே மூடிக்கொண்டது.

"அண்ணா!" என்று மாரப்பன் அலறினான். "என் நெழலக் காணோங்கண்ணா!"

மூன்று பேரும் புல்தரையெல்லாம் தேடினார்கள். கட்டிலுக்கடியில் தேடினார்கள். பனி விலகியதும் நிழல் மாரப்பன் காலடியிலேயே கிடந்தது. "போனது போகட்டும், வந்துருச்சுல்ல" என்று நாட்ராயன் பெருந்தன்மையாக மன்னித்தான். அதன் பிறகு மாரப்பன் அடிக்கடி குனிந்து அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

அடுத்தது துண்டு. குழந்தைசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கிழங்கின் மேல் போட்டான். "துண்டு போட்டாச்சுங்கண்ணா. ஆனா இதுல கண்ணில்ல."

"என் துண்டுல இருக்குது," என்றான் மாரப்பன். எலி கடித்த ஓட்டைகளை விரித்துக் காட்டினான். "சல்லடைக் கண்ணாட்டம் எத்தனை இருக்குது பாரு."

நாட்ராயன் தலையில் அடித்துக்கொண்டான். "அட அறிவுகெட்டதுகளா! துண்டுன்னா கெழங்குத் துண்டுடா!"

இதைக் கண்டுபிடித்ததில் அவனுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. கத்தியை வாங்கிக் கழுத்தோடு சேர்த்துத் துண்டு போட்டான். அதுவரைக்கும், நம்பினால் நம்புங்கள், சரியாகவே செய்தான். ஆனால் எந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தாலும் கண் தட்டுப்படவில்லை. டேலியாக் கிழங்கின் கண் குருணை அளவுக்குத்தான் இருக்கும். இவர்கள் இமையோடு கூடிய கண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"கழுத்துலன்னு சொன்னாங்களே?" என்றான் மாரப்பன்.

"கழுத்துல எவனுக்குடா கண்ணு இருக்கும்? பஸ் எரைச்சல்ல அத்தை வாய் தவறிச் சொல்லிருப்பாங்க." நாட்ராயன் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். "கண்ணு இருக்கோணும்னுதான் சொன்னாங்க. அது எங்கிருந்து வரோணும்னு சொல்லல. போய் மை டப்பா எடுத்துட்டு வாடா."

அத்தை மகள் விட்டுப்போன கண்மை வந்தது. மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஒரு கண்ணாவதுன்னு சொன்னாங்க. ஒண்ணு போதுங்கண்ணா," என்றான் மாரப்பன்.

"ஒத்தக் கண்ணு வெச்சா அது மேக்க பாக்குமா கெழக்க பாக்குமா? பூ கோணலா வந்துருமே," என்றான் குழந்தைசாமி.

"ரெண்டா வை. கூடப் போனா அத்தை கோவிச்சுக்க மாட்டாங்க," என்று நாட்ராயன் தீர்ப்புச் சொன்னான்.

"புருவம்?" என்றான் குழந்தைசாமி.

"புருவம் சொல்லல."

"புருவமில்லாம மூளியா இருக்குதுங்கண்ணா."

பார்த்தால் மூளியாகத்தான் இருந்தது. புருவமும் வைத்தார்கள். இருப்பதிலேயே பருமனான கிழங்குக்குக் குழந்தைசாமி மீசையும் வைத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "மாமா வெச்ச செடிதானுங்களே, மாமா சாடை கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?" என்றான்.

கண் மேலே பார்க்கும்படி குழியில் வைத்தார்கள். மாரப்பன் மண்ணை அள்ளினான். குழந்தைசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணுல மண்ணத் தூவறதா? மாமா கண்ணுலயா? துரோகமுங்கண்ணா அது!"

நியாயம்தான். மூன்று பேரும் அத்தை வீட்டுச் சோறு தின்கிறவர்கள். ஆகவே கழுத்துவரைக்கும் மண் போட்டு, முகத்தை மட்டும் வெளியே விட்டார்கள். வேலியோரமாக வந்த பால்காரர், தோட்டத்திலிருந்து வரிசையாக முகங்கள் வானத்தை முறைப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாலையும் பக்கத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"இப்பத்தான் சூதானமா இருக்கோணும்," என்றான் நாட்ராயன். "தண்ணி காட்டாதீங்கன்னு சொன்னாங்க. முன்னயாவது பரவால்ல. இப்ப அதுகளுக்குக் கண்ணு வேற இருக்குது."

அன்று முதல் குழந்தைசாமி குடிதண்ணீர்க் குடத்தைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் தோட்டத்தைக் கடந்தான். குளித்துவிட்டு ஈரத்தோடு நடந்தால் கிழங்குகளுக்குச் சந்தேகம் வரும் என்று மூன்று பேரும் குளிப்பதை நிறுத்தினார்கள். தண்ணி என்ற வார்த்தையைச் சொல்லலாமா என்று மாரப்பன் கேட்டான்.

"சொல்லலாம். காது வரையல," என்றான் நாட்ராயன்.

மேகத்திடம் சொல்லிவைக்கத்தான் ஆளில்லாமல் போயிற்று. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பிடித்தார்கள், காற்று குடையை மல்லாத்தியது. "பாத்துருச்சுங்கண்ணா! பாத்துருச்சு!" என்று குழந்தைசாமி அழுதான். எல்லாக் கிழங்கையும் பிடுங்கி, மாரப்பன் வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் கண்ணைக் கட்டி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மை மழையில் ஒழுகியிருந்தது. அதுகளும் அழுகின்றன என்று நினைத்து மூன்று பேரும் துண்டால் அதுகளின் கன்னத்தை ஒற்றிவிட்டார்கள்.

அடுப்புச் சூட்டில் கிழங்குகள் சுகமாகக் கிடந்தன. ஒருநாள் காலையில் குழந்தைசாமி ஓடிவந்தான்.

"அண்ணா, அதுகளுக்குக் கழுத்துல செவப்புச் செவப்பாக் கட்டி வந்திருக்குதுங்கண்ணா!"

நாட்ராயன் போய்ப் பார்த்தான். மாமாச் சாடைக் கிழங்குக்குக் கழுத்தைச் சுற்றிச் சிவந்த பருக்கள். மற்றதுகளுக்கும் அப்படியே.

"கண்கட்டிடா. கண்ணக் கட்டி வெச்சதுல கழுத்துக்கு எறங்கிருச்சு."

நாமக்கட்டியை உரைத்துத் தடவினார்கள். கட்டி அமுங்குவதாக இல்லை. இன்னும் கொஞ்சம் தலையைத் தூக்கியது. கோபிக்காரர்களின் முகம் ஒவ்வொன்றாக நாட்ராயன் கண்ணுக்கு முன்னால் வந்தது. இனி யோசித்துப் பயனில்லை.

"அறுத்து எடுத்துரோணும்," என்றான். கத்தியைக் கொதிநீரில் முக்கினான். குழந்தைசாமி மாமாவைப் பிடித்துக்கொண்டான். மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கத்தி முனை முதல் பருவின் அடியில் போய் நின்றது.

"டேய்!"

வாசலில் அத்தை நின்றாள். வெட்டுப்பட்ட ரோஜாவையும் செவ்வந்தியையும் தாண்டி வந்திருந்ததால், மூச்சு வாங்கியது. கத்தியைப் பிடுங்கினாள். கண் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். பிறகு அந்தச் சிவப்புப் பருவைப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொளைச்சிருக்குதே!" என்றாள். குரல் உடைந்தது. "அட பாவிகளா, இதுதான்டா கண்ணு! இத அறுக்கவா கத்தியெடுத்த?"

நாட்ராயன் உற்றுப் பார்த்தான். இமையில்லை, கருவிழியில்லை. பயணக் களைப்பு, பாவம், அத்தை என்னவோ பேசுகிறாள் என்று எண்ணிக்கொண்டான். ஆனாலும் பஸ்ஸைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

அத்தை ஒவ்வொரு கிழங்காகத் துடைத்து முறத்தில் அடுக்கினாள். அடுக்க அடுக்க அழுகை அடங்கி, ஆத்திரம் ஏறியது.

"மாட்டுக்குச் சொன்னாக்கூடத் தலையாட்டும். உங்களுக்கெல்லாம் சொல்லி ஆகப்போறதில்ல. கொண்டுபோய் மண்ணுல பொதைச்சு வெச்சாத்தான்டா புத்தி மொளைக்கும்!"

முகம் கழுவ உள்ளே போனாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் இந்த வழியை யாரும் சொல்லித் தரவில்லையே என்று நாட்ராயனுக்கு ஆதங்கமாக இருந்தது. மண்வெட்டியை எடுத்தான்.

பயணக் களைப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, சாயங்காலம் அத்தை முறத்தோடு தோட்டத்துக்கு வந்தபோது, பாத்தியில் மார்பளவு மண்ணில் மூன்று பேர் இடம் விட்டு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணா," என்றான் குழந்தைசாமி, பரவசத்தோடு. "எனக்கு உச்சந்தலையில குறுகுறுங்குதுங்கண்ணா."

கடைசித் தம்பிக்கு முதலில் வருகிறதே என்று நாட்ராயனுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. "சொறியாதடா, கருகிரும்," என்று அதட்டினான்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்திரிச்சு வெளிய வாங்கடா!"

நாட்ராயன் தலையைக்கூட அசைக்காமல், தணிந்த குரலில் சொன்னான்:

"இழுத்துக் கிழுத்துப் போடாதீங்க அத்தை. இப்பத்தான் வேர் புடிச்சிட்டிருக்குது. இந்த நேரத்துல புடுங்குனா மூணு பேரும் பட்டுப் போயிருவோம்."