மாஸ்டரைத் திட்டிய குரல்

முன்னொரு சமயம் திருப்பூரில், பனியன் கம்பெனி டெய்லர் துளசிமணியின் வயிற்றில் ஏழு மாதக் குழந்தை இருந்தது. அதன் மூளைக்குள்ளே பாதை போடுகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எண்ண முடியாத நரம்பிழைகள் ஒன்றையொன்று தேடிப்பிடித்துக் கைகோத்துக்கொண்டிருந்தன.

அவற்றில் காதிலிருந்து நினைவுக்குப் போன ஓர் இழைக்குத் தலைகால் புரியாத கர்வம். "வளைகாப்பு வருது! கண்ணாடி வளையல் சத்தத்தைத் தூக்கிட்டுப் போறதுக்குன்னே பொறந்தது நான்" என்று பீற்றிக்கொண்டது.

வளைகாப்பும் வந்தது. இரண்டு கை நிறைய வளையல். இழை ஒரே குதி குதித்தது. மறுநாளே துளசிமணி அத்தனையும் கழற்றி வைத்துவிட்டாள். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் வளையல் மாட்டிக்கொண்டால் கை போய்விடும், அவள்தான் என்ன செய்வாள்?

இழை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தது. துளசிமணியின் குரல் வந்து தட்டியது. "ஏனுங்க கட்டிங் மாஸ்டர், துணியை இப்படிக் கோணையா வெட்டுனா நான் எப்படிங்க தைக்கறது?"

"இந்தச் சண்டையெல்லாம் நான் சுமக்கணுமாக்கும்? போ, போ" என்றது இழை.

அந்தப் பக்கமாகத் துப்புரவணு வந்தது. வேலை செய்யாத இழைகளைத் தின்று இடத்தைச் சுத்தம் பண்ணுவது அதன் உத்தியோகம்.

"சும்மாதானே கிடக்கற? உன்னைத் தின்னுடட்டுமா?"

"ஐயோ! நான் வளையலுக்குக் காத்திருக்கேன்!"

"இங்கே காத்திருக்கறதுக்குப் பேரு வேலை இல்ல. நாளைக்கு வர்றேன்."

அந்த நேரம் பார்த்து மறுபடியும் குரல். "மாஸ்டர்! இதுவும் கோணையா?" கௌரவம் பார்க்கிற நேரமா இது? இழை அதை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடியது. அடுத்து வந்த சிரிப்பையும், கொட்டாவியையும், பாட்டையும் விடவில்லை. ஓட ஓட அதன் உடம்பு தேறியது. மறுநாள் வந்த துப்புரவணு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"உன்னைக் கடிச்சா என் பல்லுதான் போகும்" என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துப் போனது.

குழந்தை பிறந்தது. பெண். வீல் வீலென்று ஒரே அழுகை. நாத்தனார்க்காரி குழந்தையின் காதருகே வளையல்களைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாள். அது சட்டையே செய்யவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த துளசிமணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க நர்ஸம்மா, பாப்பாவை இப்படிக் கோணையாப் படுக்க வெச்சா எப்படிங்க தூங்கும்?"

அழுகை டக்கென்று நின்றது. சின்னத் தலை அவள் பக்கம் திரும்பியது.

"அட, என்னைத் தெரியுதா கண்ணு?" துளசிமணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

உள்ளே அந்த இழை பக்கத்து இழைகளை இடித்துக்கொண்டு நிமிர்ந்தது.

"தெரியாம? இவளை அவங்க சுமந்தாங்க. அவங்களைச் சுமந்தது நானாக்கும்!"