வெந்த மருந்தும் மஞ்சள் நிறமும்

இசக்கியப்பனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலையில் மூட்டுவாதத்துக்கான ஆன்டிபாடி மருந்து தயாராகிறது. அது வேலை செய்யுமா என்று பார்த்துத்தான் நோயாளிக்கு அனுப்புவார்கள். அதற்கான சோதனையை அவர் புதிதாக அமைத்திருந்தார். பழைய சோதனைக்கு இரண்டு நாள் பிடிக்கும். இவருடையது ஒரே பகலில் முடிந்தது. பரிசோதனைக்கூடத் தலைவி தில்ஷாத் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

தில்ஷாத் வயதில் இளையவர். ஆனாலும் உற்பத்திப் பிரிவிலிருந்து மாறி வந்த இசக்கியப்பனுக்கு இந்த வேலையை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

சோதனை இதுதான். தட்டிலுள்ள சிறு குழிகளில் நோயைத் தூண்டும் புரதத்தைப் பூசிவைப்பார்கள். மருந்தை ஊற்றினால் அது அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காதது கழுவும்போது போய்விடும். கடைசியில் நிறம் காட்டும் கரைசலை ஊற்றினால், எவ்வளவு பிடித்ததோ அவ்வளவு மஞ்சள்.

"என் சோதனை எப்படி மேடம்?"

"இதுவரைக்கும் எதையாவது ஃபெயில் ஆக்கியிருக்கா?"

"ஒண்ணைக்கூட இல்ல மேடம்." சொல்லும்போது பெருமை தாங்கவில்லை.

தில்ஷாத் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் காலை பெயர் ஒட்டாத சிறு குப்பி ஒன்றைக் கொடுத்து, இதையும் போட்டுப் பாருங்கள் என்றார். என்ன ஏது என்று நம்மவர் கேட்கவில்லை. நம் மருந்தைத் தவிர இங்கே வேறென்ன இருக்கப் போகிறது என்று வாங்கிக்கொண்டார்.

மாலைக்குள் தட்டு பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்க் காட்டினார். அருமையான மருந்து, பாஸாகிவிட்டது என்றார்.

"காலையில அதை வெந்நீர்த் தொட்டியில போட்டு நல்லா வேகவெச்சுத்தான் உங்ககிட்ட குடுத்தேன்" என்றார் தில்ஷாத்.

இசக்கியப்பன் கையிலிருந்த தட்டை மறுபடி பார்த்தார். வெந்த ஆன்டிபாடி செத்த மருந்து. இந்தச் சோதனையை நம்பி அப்படியொரு குப்பி வெளியே போயிருந்தால், விரலை மடக்க முடியாத யாரோ ஒருவர் ஊசியைப் போட்டுக்கொண்டு, குணமாகும் குணமாகும் என்று காத்திருந்திருப்பார். வெட்கத்தைவிட அந்தப் பயம்தான் அவரைப் பிடித்து உலுக்கியது.

தில்ஷாத் திட்டவில்லை. புரதமே பூசாத குழியில் இதை ஊற்றிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

பார்த்திருக்கவில்லை. போய்ப் பார்த்தார். அங்கேயும் மஞ்சள். வெறும் பிளாஸ்டிக்கில் வெந்த மருந்து போய் அப்பிக்கொண்டிருந்தது.

எங்கே கோட்டை விட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. புரதம் பூசிய பிறகு பால் பவுடர் கரைசலை ஊற்றி இரவெல்லாம் ஊறவிடுவது பழைய வழக்கம். குழியில் மிச்சமிருக்கும் வெற்று இடத்தையெல்லாம் பால் அடைத்துவிடும். கண்டது ஒட்ட இடம் இருக்காது. சும்மா ஊறுகிற நேரம்தானே என்று அதைத்தான் இவர் வெட்டிக் குறைத்திருந்தார். போதாததற்கு, நிறம் கூடியதைக் காட்டி சோதனை கூர்மையாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை பாலை அதன் போக்கில் ஊறவிட்டார். மறுநாள் நல்ல மருந்து ஊற்றிய குழிகளில் முன்பைவிட வெளிறிய மஞ்சள்தான் வந்தது. வெந்த மருந்து ஊற்றிய குழிகள் தண்ணீர் போலக் கிடந்தன. ஒரே பகலில் முடிகிற கதையும் அதோடு போயிற்று. அதில் அவருக்கு வருத்தம் இல்லை.

தட்டை ஏந்திக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனார்.

"ஒண்ணு ஃபெயில் மேடம்." அதே பெருமை குரலில் இருந்தது.

தில்ஷாத் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து, பெயர் ஒட்டாத இன்னொரு குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

இம்முறை இசக்கியப்பன் கேட்டார்.

"இது நல்லதா மேடம், வெந்ததா?"

"நீங்கதான் சொல்லணும்."