அரை மில்லிமீட்டர்

ஐப்பசி மழை அரை நாள் விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி.

“டீச்சர், புள்ளி ரெண்டா, புள்ளி மூணா, புள்ளி அஞ்சா? நாப்பது நாளா இதே யோசனை. சோறு இறங்கல” என்றார் இன்னாசி.

அவர் கேட்டது ஏர்பிரஷ்ஷின் முனைத் துளை எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று. காற்றின் விசையால் வண்ணத்தைத் தூவும் அந்தப் பேனாவில், துளை சிறுத்தால் கோடு மெலியும்.

இன்னாசிக்கு வயது அறுபத்து மூன்று. துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரியை ஹெப்சிபாவுக்கு முப்பத்தாறு. கப்பல் நிறுவனங்களின் வரவேற்பறைகளுக்கு மாதிரிக் கப்பல்கள் செய்து தருபவர்; தம் பட்டறையில் அந்தக் கலையைக் கற்றும் கொடுப்பவர்.

மேசைமேல் இன்னாசியின் இழுவைக் கப்பல், எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி, வண்ணமின்றி நின்றது. பதினான்கு மாத உழைப்பு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. மாத்திரை நடுக்கத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தம் கப்பலுக்குத் தம் கையாலேயே வண்ணம் பூச வேண்டும். கை முழுவதும் போய்விடுவதற்குள் பூச வேண்டும்.

“நீங்க எதை நினைக்கீங்க, அண்ணாச்சி?”

“புள்ளி ரெண்டு. கை ஆடுதுல்லா? கருவியாவது கூர்மையா இருக்கணும். தகட்டுல அடிச்ச ஒவ்வொரு ரிவெட்டாணியும் தெரியணும்.”

“தூக்கத்துலயும் ரிவெட்டைத்தான் எண்ணுதாக.” வாசலருகே குடையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிலோமினா சொன்னார். “என் பேருதான் மறந்துபோச்சு.”

“நீ சும்மா இரு.”

ஹெப்சிபா புள்ளி இரண்டில் மையை ஊற்றினார். செய்தித்தாளை விரித்தார்.

“ஒரு கோடு போடுங்க.”

மெல்லிய கோட்டுக்கு முனை தாளை நெருங்க வேண்டும். இன்னாசி இரண்டு விரல் தூரத்தில் பிடித்தார்.

கோடு வந்தது. கையின் நடுக்கம் முழுவதும் அதில் இருந்தது. ஒன்றும் விடுபடவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வைக்கும்போது அது மேசையில் இருமுறை தட்டியது.

“அப்ப, முடிஞ்சுதா டீச்சர்?”

ஹெப்சிபா அந்தத் தாளை மடித்து ஒதுக்கினார்.

“உங்க கப்பல் பார்க்க எப்படி இருக்கும்?”

“என்ன கேள்வி இது? இருபத்தாறு வருஷம் அதுக்குள்ளதான நின்னேன். முன்தளத்துல மட்டும் நானூத்திப் பன்னிரண்டு ரிவெட்டு.”

“உள்ள சரி. கரையில இருந்து?”

இன்னாசி மேசைமேல் நின்ற கப்பலைப் பார்த்தார்.

“அவுக எப்பக் கரையில நின்னாக?” என்றார் பிலோமினா. “நாந்தான் பாத்தேன். மாடியில துணி காயப்போடையில, தினம்.”

“எப்படி இருந்துச்சு, அக்கா?”

“செவப்பு எறும்பு மாதிரி. அம்மாம் பெரிய கப்பலை இழுத்துக்கிட்டு வரும்.”

“ரிவெட்டு தெரிஞ்சுதா?”

“இவுகளே தெரியமாட்டாக, ரிவெட்டுக்கு எங்க போக? எறும்பு திரும்பிட்டான்னு பாப்பேன். திரும்பிட்டுன்னா இறங்கிவந்து உலை வைப்பேன். புயல் நாள்ல ஒருவாட்டி ரெண்டு நாள் உலை வைக்கல.”

“அதை நீ சொல்லவே இல்லையே” என்றார் இன்னாசி.

“நீங்க கேக்கவே இல்லையே.”

ஹெப்சிபா புள்ளி இரண்டை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார். புள்ளி ஐந்தில் சிவப்பை ஊற்றி இன்னாசியின் கையில் கொடுத்தார். கப்பலை அவரிடமிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார்.

“இன்னைக்கேவா? ஒத்திகை பாக்காமலா?”

“நாளைக்கு மழை. ஈரக் காத்துல வண்ணம் பிடிக்காது. முதல்ல காத்தைத் திறங்க, அப்புறம் வண்ணத்தை. கப்பலுக்கு வெளிய தொடங்குங்க. வெளிய போய் நிறுத்துங்க.”

“கை ஆடுது டீச்சர்.”

“ஆடட்டும்.”

கை ஆடியது. காற்று சீறியது. சிவப்பு, புகைபோல் விரிந்து கப்பலின் விலாவில் இறங்கியது. ஒரு முறை. மறு முறை. மூன்றாம் முறை.

விலாவில் சிவப்பு மட்டும் இருந்தது. அதில் நடுக்கத்தை இன்னாசி குனிந்து தேடினார்.

வாசலில் குடை விழும் சத்தம் கேட்டது. பிலோமினா எழுந்து நின்றிருந்தார். அங்கிருந்தே பார்த்தார்.

“வந்துட்டாக” என்றார்.

இன்னாசி அன்று வீட்டுக்கு எடுத்துச்சென்ற புள்ளி ஐந்து பேனாவுக்கு, நாலாயிரத்து இருநூறு ரூபாயை அடுத்த வாரம் வியாழக்கிழமை, நல்ல வெயிலில், குடையில்லாமல் வந்து பிலோமினா கொடுத்தார். அவர் உடன் வரவில்லை. புகைபோக்கிக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார்.