கொல்லையில் கருட சேவை

“கருடன் பெருமாளின் வாகனம், விரட்டக் கூடாது. ஆனால் என் கோழிக்குஞ்சு ஒன்று குறைந்தாலும் நீ குடிசையைக் காலி செய்ய வேண்டும்” என்று மிராசுதார் வேங்கடவரதன் தம் வேலைக்காரி பவுனம்மாளுக்குக் கட்டளையிட்டார். அவருடைய பக்திக்கு அடுத்தவர் குடிசைதான் காணிக்கை.

மறுநாளே கருடன் ஒரு குஞ்சைத் தூக்கிச் சென்றது.

“கண்ணை எங்கேடி வெச்சிருந்தே? கிளம்பு!”

“கிளம்பறேங்கய்யா. காவல்னா எப்படின்னு ஒரு தடவை காட்டிடுங்க. போற இடத்துல பொழைச்சுக்குவேன்.”

மிராசுதார் கொல்லையில் நாற்காலி போட்டுப் பெருமையோடு அமர்ந்தார். வானில் கருடன் வட்டமிட்டது. அவர் சட்டென எழுந்து, கண்களை இறுக மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் திறந்தபோது கருடனின் காலில் இன்னொரு குஞ்சு கத்திக்கொண்டிருந்தது.

பவுனம்மாள் பணிவாகக் கேட்டாள்: “பங்களாவை எப்பங்கய்யா காலி பண்றீங்க? சாமான் தூக்க நான் வரேன்.”

மறுநாள் கொல்லைக்கு மேலே வலை கட்டப்பட்டது. பவுனம்மாள் அதே குடிசையில்தான் இருந்தாள்.