ரிவெர்ப் சொக்குவும் ஒரு தாலாட்டும்

சாலிகிராமத்தில் பொய் பேசாமல் பாட்டு மிக்ஸ் பண்ணுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைத் தேடி யாரும் போவதில்லை. சொக்கநாதனைத் தேடித்தான் போவார்கள். 'ரிவெர்ப் சொக்கு'ன்னு சொன்னா எந்த ஆட்டோக்காரனும் கொண்டாந்து விடுவான் என்று போனிலேயே சொல்லியிருந்தார். பெர்னதெத் ஏறிய ஆட்டோக்காரர், "அது என்ன, பல் டாக்டரா?" என்று கேட்டார்.

பெர்னதெத் தூத்துக்குடிக்காரி. சர்ச்சில் கீபோர்டு வாசித்து, பிறகு சென்னைக்கு வந்து நகைக்கடை விளம்பரங்களுக்கு ட்யூன் போட்டு, ஒருவழியாக ஒரு சின்னப் படத்துக்கு இசையமைக்க வாய்ப்பு வாங்கியிருந்தாள். முதல் பாட்டு ஒரு தாலாட்டு. அன்றைக்கு நாலு மணிக்கு டைரக்டர் முகுந்தன் வந்து கேட்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் மீதிப் பாட்டெல்லாம் இவளுக்கு. பிடிக்காவிட்டால் வேறொரு ஆளிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் அவள் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல மனுஷன்; அவள் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாதே என்ற அக்கறை.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குரலுக்கு ரிவெர்ப் மட்டும் பாக்கி. ரிவெர்ப் என்றால் வேறொன்றுமில்லை, எதிரொலிதான். பாடுகிறவர் பஞ்சு ஒட்டிய அறைக்குள் நின்று பாடியிருப்பார். அதை மண்டபத்தில் பாடின மாதிரியோ, மலையடிவாரத்தில் பாடின மாதிரியோ கேட்க வைக்க, கம்ப்யூட்டரில் பிளகின் என்கிற குட்டிப் புரோகிராம்கள் வரிசையாக இருக்கின்றன. சொக்கநாதனிடம் அந்தப் பட்டியல் திரையில் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"முதல்ல ஹால் போட்டுப் பாப்போம்," என்று ஒன்றைத் தட்டினார்.

தாலாட்டு கிளம்பியது. பிள்ளையைத் தூங்க வைக்கிற தாயின் குரலாக அது இல்லை. தேர்த் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மைக்கில் கூப்பிடுகிறவளின் குரலாக இருந்தது.

"கொஞ்சம் பெருசா இருக்கோண்ணே?" என்றாள் பெர்னதெத், மெதுவாக.

"இதுவா பெருசு?" சொக்கநாதன் நாற்காலியை அவள் பக்கம் சுழற்றினார். "உண்மையான ஹால் நீ கேட்டதில்ல தங்கச்சி. ஒரு தீபாவளிப் படம். ஹீரோ கடைசியில 'அம்மா'ன்னு கத்துறான். அதுக்கு ஒரு ரிவெர்ப் போட்டேன். படம் ரிலீஸ் ஆச்சு, ஓடுச்சு, தியேட்டரை விட்டுத் தூக்கிட்டாங்க. அந்த 'அம்மா' மட்டும் அடங்கலை. பொங்கலுக்கு அதே தியேட்டர்ல வேற படம் போட்டான். அதுல ஹீரோயின் முதல் ராத்திரி சீன்ல பால் சொம்போட வர்றா. பின்னாடி 'ம்மா... ம்மா...'ன்னு கேக்குது. ஜனம் எழுந்து போயிடுச்சு."

மூலை சோபாவில் இருந்து ஒரு செருமல் வந்தது. ஹமீது பாய். காலையிலேயே தபேலா வாசித்து முடித்துவிட்டார். சொல்லிவிட்ட பிரியாணி இன்னும் வராததால், வேர்க்கடலையை உரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரெண்டாவது படம் நான் பாத்தேனே தலைவரே," என்றார். "ஒண்ணும் கேக்கலையே?"

"நீங்க எந்த ஷோ?"

"மேட்னி."

"மேட்னியில வராது பாய். சூட்டுல எதிரொலி சுருங்கிடும்."

பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "அண்ணே, இந்தப் பாட்டுல அந்தம்மா ஒரே ரூம் உள்ள வீட்டுல பாடுறா. புருஷன் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுப் பக்கத்துல தூங்குறான். அவன் முழிச்சுடக் கூடாதுன்னு வாயைப் பாதி மூடிட்டுப் பாடுறா. அதான் சீன்."

"புரிஞ்சுபோச்சு. சின்ன இடம். என் சொந்தத் தயாரிப்பே இருக்கு!" அவர் இன்னொன்றைத் தட்டினார். "ஒரு இடத்துல போய்க் கைதட்டி, அந்த எதிரொலியை மைக்குல பிடிச்சுட்டு வந்தா, அந்த இடத்தையே பிளகினா ஆக்கிடலாம். இது ஆம்பூர்ல ஒரு பிரியாணி அண்டாக்குள்ள நானே இறங்கிப் பிடிச்சது."

இப்போது அந்தத் தாய் அண்டாவுக்குள் விழுந்துவிட்டு, யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்று பாடினாள்.

"அண்டாவைக் கழுவினாங்களா இல்லையா?" என்றார் ஹமீது பாய்.

"கழுவலை! அதான் விசேஷமே. ஒரு காதல் பாட்டுக்கு இதைப் போட்டேன். தியேட்டர்ல பல்லவி முடியலை, பாதிப் பேர் கேன்டீனுக்கு ஓடிட்டான். சரணத்துல மீதிப் பேர். டூயட் முடியும்போது ஹாலுக்குள்ள ஆபரேட்டர் மட்டும்தான், அவனும் ஊறுகாய் பாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டிருக்கான். பாடின பாடகர் சைவம். கச்சேரியில அந்தப் பாட்டைப் பாடுறதையே விட்டுட்டாரு. பாடினா ஏப்பம் வருதாம்."

"அண்டாவைப் பத்திப் பேசாதீங்க தலைவரே," ஹமீது பாய் வயிற்றைத் தடவிக்கொண்டார். "வயித்துல ரிவெர்ப் ஓடிக்கிட்டிருக்கு."

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பிரியாணி வந்தது, ஹமீது பாய் சாப்பிட ஆரம்பித்தார், சொக்கநாதன் நிறுத்தவில்லை. லாரி ஸ்பிரிங்கில் பிடித்த ரிவெர்ப் ஒன்று வந்தது. அதைப் போட்டால் பாட்டு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்குமாம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிணற்றில் பிடித்தது ஒன்று வந்தது.

"அந்தக் கிணத்துல கைதட்டினேன் தங்கச்சி. எதிரொலி வரலை. காத்திருந்தேன். வரலை. லாட்ஜுக்குப் போய்ப் படுத்துட்டேன். மறுநாள் விடியக்காலையில கதவைத் தட்டுற சத்தம். எதிரொலி. நான் ஒரு தடவைதான் கைதட்டினேன், அது ரெண்டு தடவை தட்டுது."

"ரெண்டாவது எதுக்கு?" பெர்னதெத் தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

"பாராட்டு!"

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த ஆள் பொய்யர் மட்டுமாக இருந்தால் எழுந்து போயிருக்கலாம். காலையில் அவர் தபேலாவையும் புல்லாங்குழலையும் ஒன்றோடொன்று இடிக்காமல் இழைத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். வேலை தெரிந்த காது. வாய்தான் அந்தக் காதை உட்கார விடுவதில்லை.

"இதெல்லாம் விடு," சொக்கநாதன் ஒரு குமிழைக் காட்டினார். "குரல் முடிஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு எதிரொலி வரணும்னு இதுல வைக்கலாம். எல்லாரும் பூஜ்யத்துக்கு மேலதான் வைப்பான். நான் ஒருத்தன்தான் பூஜ்யத்துக்குக் கீழ திருப்பினவன். பாடகி அங்க வளசரவாக்கத்துல தோசைக்குச் சட்னி அரைச்சுக்கிட்டிருக்காங்க. இங்க அவங்க பாட்டோட எதிரொலி முழுசா வந்து நிக்குது! அப்புறமா வந்தாங்க, உக்காந்து கேட்டாங்க, 'ரெண்டாவது சரணத்துல சுருதி சேரலியே'ன்னாங்க. போய் அதை மட்டும் சரி பண்ணிப் பாடிட்டு, மாவு புளிச்சிரும்னு கிளம்பிட்டாங்க."

ஹமீது பாய் எலும்பைக் கீழே வைத்தார். "அப்ப நாளைக்கு வாசிக்கப்போற தபேலாவையும் இன்னைக்கே எடுத்துக்குங்களேன். நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

நாலு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. கெஞ்சினால் இன்னொரு கதை வரும், கோபப்பட்டால் அதற்கும் ஒரு கதை வரும் என்று பெர்னதெத்துக்குப் புரிந்தது. இந்த ஆளிடம் உண்மையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரிலேயே போட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டைப் பத்தி நான் சொன்னதில்லல்லா?"

"இல்லையே."

"தூத்துக்குடியில எங்க வீடு ரொம்பச் சின்னதுண்ணே. நாங்க ஆறு பேர். ஒருத்தர் திரும்பிப் படுக்கணும்னா எல்லாரும் சேந்துதான் திரும்பிப் படுக்கணும். அந்த வீட்டுல எதிரொலிக்கு இடம் கிடையாது."

"ஆங்?"

"நாம பேசினா சத்தம் கிளம்பும்லா, சுவத்துல பட்டுத் திரும்பி வரும்லா, அது நிக்க இடமில்லாம வாசலுக்குப் போயிரும். செருப்புப் பக்கத்துல நிக்கும். எங்கய்யா எழுந்து டூட்டிக்குப் போனாத்தான் அந்த இடத்துல அது உள்ள வந்து உக்காரும். ஒரு நாள் எங்கம்மா ராத்திரி பாடின தாலாட்டு, காலையில அய்யா செருப்பு மாட்டும்போது கேட்டுச்சாம். அப்படியே வாசப்படியிலயே தூங்கிட்டாங்க. அன்னைக்கு டூட்டிக்கே போகலை."

ஹமீது பாய் மெல்வதை நிறுத்தியிருந்தார். சொக்கநாதன் அவளையே பார்த்தார். அவர் வாய் ஒருமுறை திறந்தது, எதையோ தேடியது, மூடிக்கொண்டது. ஆம்பூர் அண்டா, புதுக்கோட்டைக் கிணறு எல்லாமே அந்த வீட்டுக்குப் பெரிதாகிவிட்டன போலிருக்கிறது.

"அந்த வீட்டுலதான் இந்தப் பாட்டு நடக்குது," என்றாள் பெர்னதெத்.

அவர் திரும்பி உட்கார்ந்தார். பட்டியலில் இருந்த சின்ன அறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் எதிரொலி வீட்டுக்குள்ளேயே இருந்தது. கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு, தன் தொழில் வாழ்க்கையில் செய்யாத காரியத்தைச் செய்தார். ரிவெர்ப்பை அணைத்தார். பிறகு முன்னே குனிந்து, குரலின் ஓரங்களை மட்டும் அப்படியும் இப்படியும் கொஞ்சம் சீவி விட்டார்.

பாட்டு வந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. உதடு ஒட்டிப் பிரிவது கேட்டது. யாரோ கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் படுத்திருப்பவன் எழுந்துவிடக் கூடாதென்று பாடினார்கள். பெர்னதெத் கையை மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள். தான் போட்ட பாட்டை அவள் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

கதவு திறந்தது, முகுந்தன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். இரண்டாவது தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீதிப் பாட்டெல்லாம் நீங்கதான் பண்றீங்கம்மா," என்றார் பெர்னதெத்திடம். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். அவர் சொக்கநாதன் பக்கம் திரும்பினார். "சொக்கு சார், ரிவெர்ப்தான் உயிரு! எங்க பிடிச்சீங்க இதை?"

பெர்னதெத் சொக்கநாதனைப் பார்த்தாள். இப்போதாவது ஒரு நிஜம் வருமென்று நினைத்தாள். மனுஷன் இமைக்கவில்லை.

"இமயமலையில ஒரு மடம் சார். அங்க சாமியாருங்க பொறந்ததுல இருந்து பேசினதே இல்ல. அவங்களுக்கு நடுவுல மைக்கை வச்சு, அந்த மௌனத்தை அப்படியே பிடிச்சுட்டு வந்தேன். இறங்கி வரும்போது வழியில ஒரு தும்மல் போட்டிருந்தா போச்சு, எல்லாம் அழிஞ்சிருக்கும். மூணு மாநிலம் தும்மலை அடக்கிக்கிட்டு வந்தேன் சார்."

ஹமீது பாய் கை கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்தபடி திரையை எட்டிப் பார்த்தார்.

"ரிவெர்ப் ஆஃப் சார்."

"ஆஃபா?" முகுந்தனின் புருவம் மரியாதையோடு உயர்ந்தது. "கேள்விப்பட்டதில்லையே. எந்தக் கம்பெனி?"