வடக்கு வீதியின் கடைசி வீடு

தீர்ப்புச் சொல்ல அவசரப்படுகிறவர்கள் இந்தக் கதையை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை கேட்டபோது நான் தப்பான ஆளின் மேல் கோபப்பட்டேன்.

திருவரைமேட்டில் பழைய சிவன் கோயில் ஒன்று உண்டு. வாரநாட்களில் ஊர் தூங்கி வழியும். சனிக்கிழமை விடிந்தால் வேன்களும் பேருந்துகளும் கோயிலை ஒட்டிய வடக்கு வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஞாயிறு மாலை குப்பையை ஊருக்கு விட்டுவிட்டு எல்லாம் கிளம்பிவிடும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கடைத்தெருவில் வாரம் முழுக்க அடுப்பு எரிந்தது. வீதியிலிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாயின. சந்திரமௌலி குருக்களே தன் வீட்டை ஒரு விடுதிக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, புறவழிச்சாலைப் பக்கம் குடிபோனார். குடும்பம் நடக்கும் வீடாக மிஞ்சியது ஒன்றுதான். அது பயணிகளுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டும் தாண்டவராயனுடையது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கோயில் வீதியில் சாவு விழுந்தால், உடல் வீதியை விட்டுப் போகும்வரை நடை திறக்காது. சாமிக்கு நைவேத்தியமும் கிடையாது. தாண்டவராயன் இதைப் பயணிகளிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். "செத்தது யாருன்னு எங்க சாமி கேக்கமாட்டார். ஊர் பேர் தெரியாத பரதேசியா இருந்தாலும், அவனுக்காக இவரும் பட்டினிதான்." கேட்பவர்களில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

சென்ற மார்கழியில், குருக்கள் வீடாக இருந்த அந்த விடுதியில் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். தாண்டவராயன் அழைத்துவந்த பயணி அவர். விடுதிக்காரர் பதறிப்போய்க் குருக்களையும் தாண்டவராயனையும் மட்டும் கூப்பிட்டார். குருக்கள் இறந்தவர் நெற்றியில் விபூதி இட்டார், தலைமுழுகினார், வழக்கம்போல் போய் நடையைத் திறந்தார். இறந்தவரின் மகன் வந்து உடலை எடுத்துப்போனபோது மதியமாகிவிட்டது. விஷயம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகும் தாண்டவராயன் பயணிகளுக்கு எல்லாக் கதையையும் சொன்னார், அந்தப் பரதேசி பேச்சை மட்டும் விட்டுவிட்டார்.

தை மாதத்தில் ஒரு தொடர் விடுமுறை வந்தது. அதன் முதல் நாள் சனிக்கிழமை காலை, தாண்டவராயன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார்.

ஒரே மகள் கோதை வெளிநாட்டில் வேலை பார்த்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேம்மா. நான் வராம எடுத்துராதீங்க" என்று போனில் கதறினாள்.

"நீ வந்துதாண்டி உங்கப்பாவை வாசல் வழியா அனுப்பி வைக்கணும். அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பார்" என்று வாக்குக் கொடுத்தாள் தாய் பங்கயம்.

நடை மூடிக் கிடந்தது. விடுமுறைக் கூட்டம் வெயிலில் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. சிலர் திறந்திருந்த வாசலைப் பார்த்துவிட்டு, பழைய வீட்டைச் சுற்றிக்காட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று முற்றம்வரை வந்து போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஐஸ் பெட்டியைக் கண்டதும் பின்வாங்கினார்கள். பங்கயம் அவர்களைத் திட்டவில்லை. அப்படி எத்தனையோ பேரை அவள் கணவரே கூட்டிவந்து காட்டியிருக்கிறார்.

பகலில் இருளப்பன் வந்தார். பூக்கடைக்காரர், கடைத்தெருச் சங்கத்துக்குத் தலைவர்.

"அக்கா, கேக்கவே வாய் வரலை. இந்தக் கூட்டத்தை நம்பி எல்லாரும் பூவும் பாலும் எடுத்து வச்சுட்டோம். அண்ணனை ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில வச்சுட்டு, பாப்பா வந்ததும் காரியத்தைப் பாத்துக்கலாமா?"

துக்கம் விசாரிக்க வந்த குருக்கள் வாசலோடு நின்றிருந்தார். பங்கயம் அவரைப் பார்த்தாள். "சாமி, வேற வழியே இல்லையா?"

"நானா போட்ட விதிம்மா இது? மாத்தறதுக்கு எனக்கு ஏது அதிகாரம்?"

பங்கயம் வெளியே பார்த்தாள். பூக்காரப் பெண்கள் வாடுகிற கூடைகளுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவளுக்குத் தெரிந்த முகங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, எடுத்துக்குங்க" என்றாள்.

வீதியை வேன்கள் அடைத்திருந்ததால் அமரர் ஊர்தி வாசலுக்கு வர முடியவில்லை. விடுதிகளின் சாக்கடை ஓடும் கொல்லைச் சந்து வழியாகத்தான் தாண்டவராயனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீதியைக் கழுவினார்கள். நடை திறந்தது, மணி அடித்தது, பூ விற்றது.

கோதை மறுநாள் மாலை மார்ச்சுவரியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி நடை சாத்த வேண்டும் என்பதால், அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

எல்லாம் முடிந்து முற்றத்தில் வந்து நின்றபோது அவள் கேட்டாள். "எங்கப்பாவைக் கொல்லைப்பக்கமா அனுப்பினது யாரு?"

"நான்தாம்மா கேட்டேன். அடிக்கிறதுன்னா என்னை அடி" என்றார் இருளப்பன்.

"நான்தாண்டி சரின்னேன்" என்றாள் பங்கயம்.

"விதிம்மா" என்றார் குருக்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் கோதை கோபப்பட வேண்டியது யார்மேல்?

*

இருளப்பன் மேல் இல்லை. பசிக்குக் கேட்டார், முகத்துக்கு நேராகக் கேட்டார். பங்கயம் மேலும் இல்லை. தன் வாக்கை உடைத்துத்தான் ஊருக்குச் சோறு போட்டாள். கோபம் குருக்களுக்கே உரியது. வாடகை வரும் தன் வீட்டில் பரதேசியின் உடல் கிடந்தபோது நடையைத் திறந்தவர் அவர். "மார்கழியில் ஒருமுறை திறந்தேன், இன்றைக்கும் திறக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தாண்டவராயன் தன் வாசல் வழியாகவே போயிருப்பார், பூவும் விற்றிருக்கும். மார்கழியில் வாயை மூடிக்கொண்டதில் தாண்டவராயனுக்கும் பங்கு உண்டு. கோதைக்கு இதெல்லாம் தெரியாது. அவள் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வீடும் இப்போது விடுதிதான். வடக்கு வீதியில் இன்று குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. கோயில் நடை தினமும் நேரத்துக்குத் திறக்கிறது.