ஒட்ட மறுத்த லேபிள்

ஓர் ஊரில் மாவு ஆலை ஒன்று இருந்தது. அங்கே காலையில் நிலக்கடலை அரைத்தார்கள். மதியம் அதே இயந்திரத்தில் குழந்தைகளுக்கான கேழ்வரகு மாவு அரைத்தார்கள். இடையில் இயந்திரத்தைக் கழுவ வேண்டும். அன்று கழுவவில்லை.

மாவு பாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்தது. வெளியே ஒட்டிக்கொள்ள லேபிள் வந்தது.

“கொஞ்சம் நில். உன்மேல் என்ன எழுதியிருக்கிறது?” என்று மாவு கேட்டது.

“நிலக்கடலை சேராதது.”

“என்னோடு ஒரு சிட்டிகை வந்திருக்கிறதே.”

கடலைத்தூள் குறுக்கிட்டது. “நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இயந்திரத்தின் மூலையில் கிடந்தேன். தள்ளிவிட்டார்கள், வந்துவிட்டேன்.”

லேபிள் யோசித்தது. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சிட்டிகைக்கே தொண்டை வீங்கி மூச்சு முட்டும். அவர்களுடைய அம்மாக்கள் லேபிளைப் படித்துத்தான் வாங்குகிறார்கள்.

பக்கத்து பாக்கெட்டின் லேபிள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. “நம் வேலை ஒட்டுவது. படிப்பது அல்ல” என்றது.

“என்மேல் இருப்பதை அழிக்க எனக்குத் தெரியாது. விழத் தெரியும்” என்று சொல்லிவிட்டு லேபிள் விழுந்தது.

பாக்கெட்டுகளைச் சரிபார்க்கும் இசக்கியம்மாள் அதை எடுத்து ஒட்டினாள். விழுந்தது. மறுபடி ஒட்டினாள். மறுபடி விழுந்தது. மாவு கசிகிறதோ என்று பாக்கெட்டைப் பிரித்தாள். கடலை வாசம் அடித்தது.

“அண்ணாச்சி, மெஷினை நிறுத்துங்க. மாவுல கடலை கலந்திருக்கு.”

முதலாளி தங்கப்பழம் ஓடி வந்தார். “லாரி நிக்குது இசக்கி. துளிக் கடலைதான? இதே மாதிரி வேற லேபிள ஒட்டி அனுப்பு.”

“இந்த எழுத்த நம்பித்தான் அண்ணாச்சி பிள்ள வாயில ஊட்டுவாங்க. நான் ஒட்ட மாட்டேன்.”

தங்கப்பழம் ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார். பிறகு லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பினார். நானூறு பாக்கெட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு இயந்திரத்தைக் கழற்றிக் கழுவினார்கள்.

லேபிள் குப்பைக்கூடைக்குப் போனது. அங்கே நசுங்கிக் கிடந்த டீ கப் விசாரித்தது.

“என்ன வேலை பார்த்தாய்?”

“உள்ளே இருப்பதை வெளியே சொல்கிற வேலை.”

“சொன்னாயா?”

“இல்லை. பொய் சொல்லாமல் இருக்கத்தான் முடிந்தது.”